கொத்தனார் நுழையாத அறை

விர்ரென்று விசில் அலறியதும் புதருக்குப் பின்னால் குந்தியிருந்த தலை சட்டென்று தாழ்ந்தது. பொழுது சரியாக விடியவில்லை, போதாததற்குப் பனி வேறு. ஆனால் அந்தத் தலையில் சுற்றியிருந்த சிவப்புத் துண்டைத் தினமும் துவைத்துக் காயப்போடுகிறவளே விசில் ஊதியவள்தான். அடையாளம் தெரியாமலா போகும்?

விடியற்காலையில் புதர்க்காட்டில் ஒதுங்குகிறவர்களை விசில் ஊதித் துரத்துவதால் தெருவுக்கே அவள் விசில்காரி. போன மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு தெருவைப் புரட்டி எடுத்தபோது, அவளுடைய சின்ன மகள் வாடிய கீரைத்தண்டாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். பிள்ளை பிழைத்து வந்த கையோடு, நர்ஸம்மா கூட்டிய கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து நின்றாள். புதர்க்காட்டுக்குப் போவது நின்றால்தான் கிணற்றுத் தண்ணீரை நம்பிக் குடிக்கலாம் என்றார் நர்ஸம்மா. வீட்டுக்கு ஒரு கழிப்பறை என்று தெரு முடிவு செய்தது. பெண்கள் மணல் சுமந்தார்கள், ஆண்கள் குழி வெட்டினார்கள். அத்தனை சுவரையும் எழுப்பியது ஒரே ஆள்: விசில்காரியின் புருஷன், கொத்தனார்.

அந்தக் கொத்தனார்தான் இப்போது புதருக்குப் பின்னாலிருந்து துண்டை உதறியபடி எழுந்து வந்தார். பழக்கதோஷம், கால் தானாக இந்தப் பக்கம் வந்துவிட்டது என்றார். மறுநாளும் கால் தானாகவே வந்தது. கேட்டால், வீட்டுக் கழிப்பறையில் பூச்சு இன்னும் காயவில்லையாம். கட்டி நாலு மாதமாகியும் காயாத சிமெண்ட் உலகத்திலேயே அந்த ஒரு வீட்டில்தான் இருந்தது. அதற்கும் மறுநாள், உள்ளே பல்லி இருக்கிறது என்றார். பனைமர உயரத்துக்குச் சாரம் கட்டி ஏறுகிற மனுஷனுக்குப் பல்லியிடம் பயமாம்.

விஷயம் வீட்டுக்குள் இருந்திருந்தால் விசில்காரி சமாளித்திருப்பாள். ஆனால் பக்கத்து வீட்டுத் தையல்காரி அக்காவும் அந்தச் சிவப்புத் துண்டைப் பார்த்துவிட்டாள்.

"ஊருக்குத்தான் உபதேசமா?" என்று கேட்டதோடு அவள் விட்டிருக்கலாம். விடவில்லை. "கட்டினவரே கால் வைக்கலைன்னா, உள்ள என்னமோ வில்லங்கம் இருக்குடி" என்று ஒரு திரியையும் கிள்ளிப் போட்டுவிட்டுப் போனாள்.

மதியத்துக்குள் அது பற்றிக்கொண்டது. குழி மூடியில் சிமெண்ட் குறைச்சல் என்றார்கள். சாயங்காலம் குழி ஒரு ஆட்டையே விழுங்கிவிட்டிருந்தது. யார் வீட்டு ஆடு என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. தையல்காரி தன் கழிப்பறையில் விறகை அடுக்கினாள். பால்காரர் தன்னுடையதில் கோழிகளை அடைத்தார். தெருவில் கொத்தனாரின் வேலையை முழுசாக நம்பியது அந்தக் கோழிகள் மட்டும்தான். மற்றவர்கள் பழையபடி செம்பைத் தூக்கிக்கொண்டு புதர்க்காட்டுக்கு நடந்தார்கள். விசில்காரி கன்னம் வலிக்க ஊதியும் பயனில்லை. அவளைப் பார்த்தே சிரித்தார்கள்.

வானத்தில் மேகம் கூடிக்கொண்டிருந்தது. முதல் மழை அடித்தால் மேட்டில் கிடப்பதெல்லாம் பள்ளத்துக் கிணற்றுக்குத்தான் வந்து சேரும். மகளின் கையில் ஊசி ஏற்றிய தழும்பைப் பார்த்தவள் நர்ஸம்மாவிடம் ஓடினாள். ஊரைத் துரத்துவதை நிறுத்து, முதலில் உன் வீட்டுக்காரரை உள்ளே அனுப்பு, மற்றவர்கள் தானாக வருவார்கள் என்றார் அவர்.

மறுநாள் காலையில் கொத்தனார் துண்டைச் சுற்றிக்கொண்டு கிளம்பியபோது, விசில்காரி வாளித் தண்ணீரோடு வாசலை மறித்து நின்றாள்.

"இன்னிக்கு நீங்க உள்ள போறீங்க. இல்லன்னா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். அங்க தண்ணியாவது நல்லாயிருக்கு."

கொத்தனார் தூங்கும் மகளைப் பார்த்தார். வாளியை வாங்கினார். வெட்டப் போகிற ஆடு மாதிரி நடந்தார். கதவு சாத்திக்கொண்டது. வெகுநேரம் யோசித்துவிட்டுத் தாழ்ப்பாளும் விழுந்தது.

அதற்குப் பிறகுதான் விசில்காரி வாயைத் திறந்தாள். பெற்ற மகளை விடப் பல்லி பெரிசாகப் போய்விட்டதா என்று ஆரம்பித்தாள். ஊருக்கெல்லாம் வீடு கட்டியவர் வீட்டு அடுப்படி ஒழுகுவதைச் சொன்னாள். கல்யாணமான புதிதில் நாத்தனார் பேசிய பேச்சையும், அப்போது இவர் வாய் திறக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றதையும் சொன்னாள். மூச்சு விடாமல் சொன்னாள்.

சத்தம் கேட்டுத் தெரு கூடியது. ரவிக்கையில் ஊசி குத்தியபடி தையல்காரி வந்தாள். பால் கேனோடு பால்காரர் வந்தார். நர்ஸம்மா அழைத்த கூட்டத்துக்குக்கூட இத்தனை பேர் வந்ததில்லை. எல்லோரும் சாத்திய கதவைப் பார்த்தார்கள். ஆள் உள்ளேதான் இருக்கிறார். குழி அவரை விழுங்கவும் இல்லை.

"போதும் விடும்மா. மனுஷன் கொஞ்சம் நிம்மதியா உட்காரட்டும்" என்றாள் தையல்காரி.

தெருவே நிற்பதை அப்போதுதான் கவனித்த விசில்காரி, வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டாள். உள்ளே வாளி தடதடத்தது. பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து, யாருமே கேட்டிராத ஒரு சின்னக் குரலில் கொத்தனார் பேசினார்:

"ஏய், ஏன் நிறுத்திட்ட? திட்டிக்கிட்டே இரு. கதவைச் சாத்தினாலே எனக்கு உசுரு போயிடுது, உன் சத்தம் கேட்டாத்தான் நீ வெளிய நிக்கிறேன்னு தைரியமா இருக்கு."