இருநூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர்

ஆகஸ்ட் இருபத்து நான்கு, ஞாயிறு, காலை பத்தரை மணி. இடம்: கர்நாடக மலைநாட்டில், கொப்பாவில் என் வீட்டு முன்னறை. வந்திருந்தவர்கள்: ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் காப்பித் தோட்டக்காரர் லாம்பர்ட் டிசோசா. கட்டிலில், சுவரில் சாய்ந்தபடி, பாக்குத் தோட்டம் வைத்திருக்கும் புட்டராஜு கௌடா. அவருக்கு எதிரே முக்காலியில், மருந்துக்கடை விருந்தா. மேசையருகே நான், சேஷகிரி ஜோயிஸ், குழுவின் அட்மின். நூற்றுப் பதினான்கு பேருக்கு அழைப்பு அனுப்பியிருந்தேன். வந்தது மூவர்.

எங்கள் மழைக்குழுவுக்கு ஏழு வயது. அவரவர் முற்றத்தில் மழைமானி வைத்து, தினமும் காலை எட்டரைக்கு அளந்து, வாட்ஸ்அப்பில் பதிவோம். யாரும் சொல்லிச் செய்வதல்ல, ஆசைக்குச் செய்வது. ஆரம்ப வருடங்களில் குழுவில் பேச்சு ஓயாது. இப்போது காலையில் நாலைந்து எண்கள் வந்து விழும். அதற்குப் பிறகு மறுநாள் காலை வரை மூச்சுப் பேச்சு இருக்காது. இந்த மாதத்தோடு குழுவை மூடிவிடுவதா என்று முடிவெடுக்கத்தான் கூட்டம். ஓய்வுபெற்ற பிறகு, நேரம் பார்த்து நான் செய்கிற வேலை இது ஒன்றுதான். அதை அழைப்பில் எழுதவில்லை.

முதல் பொருளை வாசித்தேன்: "குழுவில் பேச்சு ஏன் நின்றது?"

புட்டராஜு நான் கொடுத்த கஷாயத்தை உறிஞ்சிவிட்டு, முந்தாநாள் மழை தன் தோட்டத்துக்குள் மேற்கு வேலியைத் தாண்டி வந்து, பாதி மரங்களை நனைத்துவிட்டு அப்படியே திரும்பிப் போன கதையை ஆரம்பித்தார்.

"பாதித் தோட்டத்துல குடை, மீதித் தோட்டத்துல துண்டு. நடுவுல நான் நிக்கிறேன்."

"மழைக்கே உங்க முகத்தைப் பாத்துப் பயம் வந்திருக்கும்," என்றார் லாம்பர்ட்.

"உங்க தோட்டத்துக்கு வந்தா காப்பி கூடத் தர மாட்டீங்கன்னுதான் என் பக்கம் வந்துச்சு மாராயா!"

விருந்தா தன் கடைத் தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தை வைத்தே எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லிவிட முடியும் என்றார். லாம்பர்ட் பந்தயம் கட்டினார். முக்கால் மணி நேரம் மூவரும் மழையைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. நான் பொருள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"இதையெல்லாம் ஏன் குழுவுல எழுதறதில்ல?" என்று கேட்டேன்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூணாம் விதி," என்றார் லாம்பர்ட். "எண் மட்டும் பதியவும், மற்றவை நீக்கப்படும். யார் போட்டது ஜோயிஸ்ரே, நானா?"

"தினமும் இருபது பேர் குட்மார்னிங் பூப்படம் அனுப்பினா என்ன செய்ய?"

"களைக்கு மருந்தடிச்சீங்க. பயிரும் சேந்து போச்சு."

புட்டராஜு சிரித்தார். விருந்தா சிரிக்கவில்லை. முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே, "எண் போடவே பயமா இருக்கு சார்," என்றார். "பக்கத்து ஊர் எண்ணோட ஒத்துப் போகலன்னா 'சரிபார்க்கவும்'னு எல்லார் முன்னாடியும் போட்டு அழிச்சிடறீங்க. அதனால நான் கௌடர் போடற வரைக்கும் காத்திருந்து, அதை ஒட்டி ஒண்ணு போட்டுடுவேன்."

புட்டராஜு நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னம்மா சொல்ற? நான் நீ போடற வரைக்கும்ல காத்திருக்கேன்!"

"ஓ," என்றார் லாம்பர்ட். "மூணாம் தேதி ரெண்டு பேரும் மத்தியானம் வரைக்கும் ஏன் போடலன்னு இப்பப் புரியுது. நான் வேற உங்க ரெண்டு பேரையும் பாத்துட்டுக் காத்திட்டிருந்தேன்."

மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நான் அலமாரியைப் பார்த்தேன். மாதத்துக்கு ஓர் அட்டவணை, ஏழு வருடம், பச்சை அட்டை போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். எங்கள் எண்கள் அக்கம்பக்கத்தோடு எவ்வளவு அழகாகப் பொருந்துகின்றன என்று எத்தனை பேரிடம் பெருமை பேசியிருக்கிறேன்.

"எப்பலேருந்து இப்படி?"

"பாகீரதக்கா போனதுலேருந்து," என்றார் விருந்தா.

பாகீரதக்கா குந்தாத்ரி மலையடிவாரத்தில் இருப்பவர். போன வருடம் ஜூலை பதினெட்டு அன்று அவர் 212 என்று பதிந்தார். சுற்றிலும் எல்லோருக்கும் நாற்பதுக்குள். நான் அதை நீக்கினேன். அவர் நீளமாக ஒரு விளக்கம் எழுதினார்: மேகம் மலையின் இடுக்கில் சிக்கி நின்றது, இரவெல்லாம் தவளைகள் வாய் திறக்கவில்லை, இப்படி. மூன்றாம் விதிப்படி அதையும் நீக்கினேன். அன்று மாலை அவர் குழுவை விட்டு வெளியேறினார். நான் உறுப்பினர் பட்டியலில் ஒன்றைக் குறைத்து எழுதிக்கொண்டேன்.

"அந்த வாரம் அக்கா ஊருல என் மச்சினன் வீட்டுக்குப் போனேன்," என்றார் புட்டராஜு மெதுவாக. "அக்கா வீட்டுக்குக் கீழ ஓடையில மரப்பாலம் இருக்குமே, அது இல்ல. பதினெட்டாம் தேதி விடியறதுக்குள்ள அடிச்சிட்டுப் போயிருக்கு. நாற்பது மில்லிமீட்டருக்குப் பாலம் போகுமா?"

"அப்பவே ஏன் சொல்லல?"

"எண் மட்டும் பதியவும்."

லாம்பர்ட் என் கையிலிருந்த பொருள் பட்டியலை வாங்கி மடித்தார். பிறகு சொன்னார்: "குழுவை மூட வேண்டாம். மூணாம் விதியை மூடுங்க."

அங்கேயே போனை எடுத்து எழுதினேன்: "சென்ற வருடம் ஜூலை 18, பாகீரதக்காவின் 212-ஐ நான் நீக்கினேன். அது சரியான அளவு, தவறு என்னுடையது. இனி மூன்றாம் விதி இல்லை. அன்றைக்கு உங்கள் பக்கம் மழை எப்படி இருந்தது? எண் வேண்டாம், பார்த்ததைச் சொல்லுங்கள்."

அவர்கள் புறப்பட்டுப் போகும்வரை ஒரு பதிலும் இல்லை. இரண்டு மணிக்குச் சிருங்கேரியிலிருந்து ஒருவர், அன்று தன் கிணற்றில் தண்ணீர் கலங்கியதாக எழுதினார். இன்னொருவர், அது மழையால் அல்ல, எருமை விழுந்ததால், நானே வந்து தூக்கிவிட்டேன் என்றார். அதற்குப் பிறகு நிற்கவில்லை. இருட்டுவதற்குள் அறுபத்து மூன்று செய்திகள். அதில் பாதி, அக்கா எங்கே, அக்காவைக் கூப்பிடுங்கள் என்பதுதான்.

அக்கா என் போனை எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும், எழுத்தில் அழித்ததைப் பேச்சில் சரிசெய்வது முறையல்ல. ஆகவே காகிதம் எடுத்தேன். முதல் பக்கத்தில் நான் செய்ததைத் தேதிவாரியாக எழுதினேன். காரணம் எதுவும் சொல்லவில்லை. இரண்டாம் பக்கத்தில், குழுவில் அவருக்காக வந்திருந்த கேள்விகளைக் கேட்டவர் பெயரோடு என் கையால் பார்த்து எழுதினேன். தவளைகள் ஏன் கத்தவில்லை என்று மட்டும் ஐந்து பேர் கேட்டிருந்தார்கள். அவற்றின் கீழே ஆறாவதாக என் பெயரையும் சேர்த்தேன். போன வருட ஜூலை அட்டவணையைப் புதிதாக எழுதி, பதினெட்டாம் தேதிக்கு எதிரே 212 என்று இட்டு, அதையும் மடித்து உள்ளே வைத்தேன்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்தேன். 31.6. பதிந்துவிட்டு, உறையின் ஓரத்தில் பசை தடவி, மழையில் பிரியாதபடி கட்டைவிரலால் இரண்டு தடவை அழுத்தி, குடைக்குள் வைத்துக்கொண்டுபோய்த் தபால்பெட்டியில் போட்டேன்.