வெளியே எடுத்துச் செல்லக் கூடாது

"'என் வீட்டுக்காரரை மூணு தடவை எடுத்துட்டுப் போயாச்சு. எதிர்வீட்டு சுலோச்சனாவை அஞ்சு தடவை. என்னை மட்டும் ஒரு புத்தகம்கூட இதுவரைக்கும் சீந்தலை. என்ன லைப்ரரி நடத்துறீங்க?' இவ்வளவுதானே புகார்?"

புகார்ப் பதிவேட்டில் எழுதியதை வாய்விட்டுப் படித்துவிட்டு நிமிர்ந்தார் நூலகர் கோமதிநாயகம்.

"முதல்ல 'ச்சே'ன்னு ஒண்ணு சொன்னேன். அதைக் காணோமே" என்றாள் ஹில்டா.

அவர் மேலே ஒரு 'ச்சே'யைச் செருகி, பக்கத்தில் சுருக்கொப்பமும் போட்டார்.

மருதம் காலனிக் கிளை நூலகத்தில் புத்தகங்கள் வாசகர்களை எடுத்துப்போக ஆரம்பித்து இரண்டு வருஷமாகிறது. வீட்டுக்கு வீடு இன்டர்நெட் வந்த கையோடு நூலகத்துக்கு ஆள் வருவது நின்றுபோனது. மின்விசிறிக்கு அடியில் தூங்குவதற்கென்று வந்துகொண்டிருந்த இரண்டு பேர்கூட, படுத்தபடி வீடியோ பார்க்க வீடே வசதி என்று போய்விட்டார்கள். அப்போதுதான் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. வாசகர்கள் புத்தகங்களை எடுக்காத பட்சத்தில், புத்தகங்கள் வாசகர்களை எடுத்துக்கொள்ளலாம். ஒரு புத்தகத்துக்கு ஒரு ஆள், பதினான்கு நாள். அன்று சாயங்காலமே புத்தகங்கள் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே கிளம்பின.

ஒழுங்கான புத்தகங்கள். தெருவில் ஓரமாகத்தான் நடக்கும். அழைப்பு மணியை ஒரு தடவைக்கு மேல் அடிக்காது. வேண்டிய ஆளைப் பார்த்ததும் நடுவில் விரிந்துகொள்ளும். குனிந்து உள்ளே போய்விட வேண்டியதுதான். உள்ளே போன் எடுக்காது என்பதால், போகிறவர்கள் செருப்போடு சேர்த்து அதையும் வாசலிலேயே விட்டுவிட்டுப் போவார்கள்.

ஹில்டாவின் கணவர் அமலதாஸ் ஓய்வுபெற்ற ஓவர்சியர். சாம்பார்ப் பாத்திரத்தில் போனைச் சாய்த்து வைத்து, ஒரு நிமிஷ வீடியோக்களாகப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிற மனுஷன். இட்லிக்குப் பதிலாகப் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை வைத்தாலும் சட்னி தொட்டுச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போயிருப்பார். அவரை முதலில் எடுத்துக்கொண்டு போனது நீர்ப்பறவைகள் பற்றிய ஒரு தடித்த புத்தகம். பதினான்காம் நாள் காதுமடலில் ஒரு சின்ன மடிப்போடும், முழங்கையில் பென்சில் அடிக்கோட்டோடும் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு, யாராவது பேசினால் அந்த வாக்கியம் முடியும்வரை முகத்தைப் பார்த்துக் கேட்டார். முன்னேற்றம்தான் என்று ஹில்டா மனசுக்குள் ஒப்புக்கொண்டாள். அவரிடம் சொல்லவில்லை.

சுலோச்சனாவைத்தான் தாங்க முடியவில்லை.

"போன வாரம் ஒரு துப்பறியும் நாவல் என்னைக் கூட்டிட்டுப் போச்சு ஹில்டாக்கா. மூணு கொலை! உள்ள என்னமா குளுகுளுன்னு இருந்துச்சுங்கிறீங்க! ஆமா, உங்களை இன்னும் எதுவும்…?"

"எனக்கு வீட்டுல வேலை இருக்கும்மா. உன்னைய மாதிரியா?"

சொன்னாளே ஒழிய, தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் முகம் கழுவி, கஞ்சி போட்ட சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டு, பல்துலக்கியும் ஜெபமாலையும் வைத்த பையோடு கேட்டருகில் நின்றாள். புத்தகங்கள் வராமலில்லை. சமையல் புத்தகம் ஒன்று வந்து, எலுமிச்சை ஊறுகாயில் பூஞ்சை பூத்தால் என்ன செய்வது என்று கேட்டது. முதலுதவிக் கையேடு தேள்கடிக்கு வழி கேட்டது. ஒரு சரித்திர நாவல் மூச்சிரைக்க ஓடிவந்து, கோபித்துக்கொண்டு பிறந்த வீடு போன ராணியை எப்படித் திரும்ப வரவழைப்பது என்று கேட்டது. "அவங்க அம்மாவை முதல்ல அங்கேருந்து கிளப்பு" என்றாள் ஹில்டா. கான்வென்ட்டில் கேள்வி முடிவதற்குள் கையைத் தூக்கிப் பழகியவள். புத்தகங்கள் நின்றபடியே குறித்துக்கொண்டு, "நன்றிக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டு மணியை அடிக்கப் போய்விட்டன.

இதையெல்லாம் கேட்டு முடித்த கோமதிநாயகம், "இடது மணிக்கட்டைக் கொஞ்சம் காட்டுங்கம்மா" என்றார்.

காட்டினாள். உட்புறத்தில் சிவப்பு முத்திரை மங்கலாகத் தெரிந்தது. ஏதோ தடுப்பூசிக்கு வைத்த அடையாளம் என்று அவள் அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெஃபரன்ஸ் பிரிவு. வெளியே எடுத்துச் செல்லக் கூடாது" என்று படித்தார் அவர். "போன வருஷம் இருப்புச் சரிபார்க்க ஆள் வந்திருக்கும். நீங்க அப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"அவருக்குக் காபி போட்டேன்."

அவர் ஃபைலைப் புரட்டினார். "காபி போட்டு முடிக்கிறதுக்குள்ள உங்க வீட்டுக்காரர் பதினோரு கேள்வி கேட்டிருக்கார். கண்ணாடி எங்க, கேஸ் எப்ப புக் பண்ணோம், தங்கச்சி பையன் பேர் என்ன… திரும்பிப் பார்க்காமலே பதினொண்ணுக்கும் பதில் சொல்லியிருக்கீங்க. அதிகாரி அந்த இடத்திலேயே முத்திரை வச்சுட்டார். அவரைக் குறை சொல்ல முடியாதும்மா."

"இப்பத்தான் ஊரே எல்லாத்தையும் போன்ல கேட்டுக்குதே! அப்புறம் நான் எதுக்கு சார் ரெஃபரன்ஸ்?"

கோமதிநாயகம் யோசித்தார். அப்படி ஒரு விதி இருக்கத்தான் இருந்தது. முப்பது நாள் தொடர்ந்து யாருக்கும் எந்தப் பதிலும் சொல்லாமல் இருந்தால், பயன்பாடு இல்லை என்று இரவல் பிரிவுக்கு மாற்றலாம். யாராவது தப்பாகச் சொன்னதைத் திருத்தினாலும் பதில் சொன்னதாகவே கணக்கு.

கண்காணிக்க ஒரு கையடக்க அகராதியை அவளோடு அனுப்பினார். அது ஃப்ரிட்ஜின் மேல் ஏறி, பென்சிலோடு சப்பணமிட்டு உட்கார்ந்தது.

"ஹில்டா, என் கண்ணாடி எங்க?" என்றார் அமலதாஸ்.

"அந்தப் போன்லயே கேளுங்க."

கேட்டார். அருகிலுள்ள கடைகளைப் போன் வரிசையாகக் காட்டியது. முதல் வாரம் முடிவதற்குள் அவரிடம் நான்கு கண்ணாடிகள் இருந்தன. முதல் கண்ணாடி அவர் தலைமேலேயே இருந்தது.

ரசத்தில் சர்க்கரை சேர்க்கலாம் என்று போன் சொன்னது. அவர் சேர்த்தார், அவள் குடித்தாள். வத்தல் போட சுலோச்சனா பக்குவம் கேட்டு வந்தபோது, "போன்ல பாரும்மா" என்று அனுப்பிவிட்டாள். அந்த வத்தல் எண்ணெயில் பொரியவில்லை, தண்ணீரில் ஊறவில்லை. காலனிக்காரர்கள் அதைக் கொண்டு மூன்றாவது குறுக்குத் தெருவின் பள்ளங்களை நிரவினார்கள். தெரு இப்போது முன்னைவிட நன்றாக இருந்தது. அதைப் பற்றியும் ஹில்டா வாயைத் திறக்கவில்லை. நாக்கு அரிப்பதைப் பொறுக்க முடியாத நேரங்களில் கொல்லைப்புறம் போய், துவைகல்லிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தாள். துவைகல் எதுவும் கேட்காது என்பதால் அகராதி ஆட்சேபிக்கவில்லை.

இருபத்தொன்பது நாள் ஓடியது.

முப்பதாம் நாள் காலை அமலதாஸ் போனிடம் குசுகுசுவென்று கேட்டார்: "எங்க கல்யாண நாள் என்னைக்கு?"

"உங்கள் திருமண நாள் இன்று. வாழ்த்துகள்" என்றது போன்.

அவர்கள் கல்யாணம் நடந்தது பிப்ரவரி மாதத்தில். இது ஆகஸ்ட்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடு நிறைய ஆட்கள். பட்டன் சேராத கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு அமலதாஸ் கேக்குக்கு முன்னால் நின்றார். கேக்கில் 'முப்பது' என்று எழுதியிருந்தது. இருபத்தேழுதான். ஹில்டா கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். ஃப்ரிட்ஜ் மேலிருந்த அகராதி பென்சிலைச் சீவிக்கொண்டது.

"அன்னைக்கு இவ நீலச் சேலை கட்டியிருந்தா" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார் அமலதாஸ். வெள்ளை. "கோயில் வாசல்ல என்னைப் பார்த்துச் சிரிச்சா." உண்மையில் முறைத்தாள். "வெளிய பெரிய மழை. ஏன் ஹில்டா, இன்னைக்குப் பெய்யற மாதிரியே பெஞ்சுதுல்ல?"

கூட்டம் முழுவதும் அவளைப் பார்த்தது. கெடு முடியும் ஆறு மணிக்கு இன்னும் இரண்டு நிமிஷம். அன்றைக்கு வெயில் எப்படி அடித்தது என்பதும், பாடற்குழுவில் ஒரு பெண் மயங்கி விழுந்ததும், அவள் பேரும், அவள் அப்பா பேரும் ஹில்டாவின் நாக்கு நுனியில் வந்து நின்றன. பதினாறு பேருக்கு வெட்டியிருந்த கேக்கில் ஆகப் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து, அப்படியே வாய்க்குள் அடைத்துக்கொண்டாள்.

ஜன்னலுக்கு வெளியே ஆகஸ்ட் மழை பெய்துகொண்டிருந்தது. மெல்ல மெல்ல, அன்றைக்கும் மழை பெய்திருக்கலாம்தான், பெய்தால் என்ன கெட்டுப்போய்விடும் என்று தோன்றியது. நீலமும் தனக்கு எடுப்பாகத்தான் இருந்திருக்கும். வாயில் கேக்கோடு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அமலதாஸும் சிரித்தார், கோட்டில் மிச்சமிருந்த ஒரு பட்டனும் தெறித்து சுலோச்சனாவின் காபியில் விழுந்தது. மணி ஆறு அடித்தது. அகராதி தன்னை மூடிக்கொண்டு, இறங்கி, எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனது.

மறுநாள் கோமதிநாயகம் சிவப்பு முத்திரையின் குறுக்கே கோடு கிழித்து, பக்கத்தில் பச்சை முத்திரையை அழுத்தி வைத்தார். ஊதி வேறு காயவைத்தார்.

அன்று சாயங்காலம் கேட்டுக்கு வெளியே ஏழு புத்தகங்கள் வரிசையில் நின்றன. முதலில் நின்றதற்கு அட்டை கிழிந்திருந்தது. பேர் என்ன, யார் எழுதியது, எத்தனை பக்கம் என்று ஒன்றும் தெரியவில்லை. அது ஹில்டாவைப் பார்த்து விரிந்தது.

"ஹில்டா, ரசப்பொடி எங்க இருக்கு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நிம்மதியா இருக்கு!" என்று சொல்லிவிட்டுக் குனிந்து உள்ளே போனாள்.

உடனே மூன்றாவது குறுக்குத் தெரு, புத்தகத் தாள்போல ஓர மூலையிலிருந்து மேலெழும்பி, வீடுகளோடும் நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்களோடும் மெதுவாகப் புரண்டது. அடுத்த பக்கத்தில் கடல் இருந்தது. சுலோச்சனா தன் பூந்தொட்டிகளை ஒரு படி மேலே ஏற்றி வைத்தாள். பால்காரர் துடுப்புப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வீடாக நின்று போனார். ஹில்டா நின்றிருந்த கப்பலில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்று அவளுடைய சுங்குடியின் கஞ்சியை மடிப்பு மடிப்பாகக் கலைத்தது. பையைக் கீழே வைத்தாள். தொண்டையைச் செருமினாள். ஐம்பத்திரண்டு வயதில் வாயில் புதிதாக இருந்தது அந்த வாக்கியம்.

"இது எங்க போகுதுன்னு யாராவது கொஞ்சம் சொல்லுங்களேன்?"