மூன்றாவது தகடு

"இதை மட்டும் தொட்டுடாதே. அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்," என்றார் அவர்.

"அதைத் தொடணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?" என்றாள் அவள், பிழை திருத்த அச்சகத்திலிருந்து கொண்டுவந்த மெய்ப்புத் தாள்களிலிருந்து தலையைத் தூக்காமலே. தூக்கியிருக்கலாம்.

ரொட்டி வாங்கப் போனவர் கடைப் படியிலேயே சாய்ந்தார், பிறகு எழவில்லை. கையில் சில்லறை இருந்தது, ரொட்டி இல்லை. வாங்குவதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது என்று கடைக்காரர் சொன்னார்.

ஜன்னலோர மேசையில், வைஸ் இடுக்கியில் இறுக்கியிருந்த பூட்டும், அதன் துவாரத்திலிருந்து நீட்டிக்கொண்டிருந்த வளைந்த கம்பியும், கம்பி நுனியில் தொங்கிய தூண்டில் ஈயக் குண்டும் அவர் விட்டுப்போனபடியே இருந்தன. மூன்று மாதம் ஆகிவிட்டது. ஜன்னலை அவள் திறக்கவே இல்லை. உள்ளே அவர் தூக்கி நிறுத்திய தகடுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்தக் குண்டின் கனம்தான்; காற்றில் அது ஆடினால் எல்லாம் விழுந்துவிடும். மேசையைச் சுற்றிப் பெருக்கும்போதுகூட, குழந்தை தூங்கும் அறையில் நடப்பதுபோல அடி எடுத்து வைத்தாள்.

அவருக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்ப்பது. உயிர் மட்டும் பூட்டில். ஞாயிறு காலை ஆனால் தையல்காரரின் கடை மாடியில் மூன்று பேர் கூடுவார்கள்: தையல்காரர், பல் டாக்டர், இவர். சாவியில்லாமல் பூட்டுத் திறப்பதுதான் பொழுதுபோக்கு. கம்பிகள் டாக்டருடைய உபயம். பல்லைச் சோதித்துத் தேய்ந்துபோன ஊசிகளை அரத்தால் ராவி எடுத்து வருவார். "என்கிட்ட வர்றவங்கள்ல வாயைத் திறக்கவே மாட்டேன்னு அடம்பிடிக்கறது இந்தப் பூட்டுங்கதான். ஆனா கடிக்காது," என்பார்.

கல்யாணமான புதிதில் ஒருநாள், "கடைசியில ஒரு திருடனுக்கா என்னைக் கட்டிக் குடுத்தாங்க?" என்று கேட்டேவிட்டாள். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவர்களுக்குள் ஒரு விதி உண்டு: உபயோகத்தில் இருக்கிற பூட்டைத் தொடக்கூடாது, சொந்த வீட்டுப் பூட்டாக இருந்தாலும். அந்த விதியின் லட்சணத்தை ஒருநாள் அனுபவித்தாள். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு இருவரும் படிக்கட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். சட்டைப் பையில் நாலு கம்பி இருந்தும் மனிதர் அசையவில்லை. கடைசியில் சாவிக்காரர் வந்து ஒரே நிமிடத்தில் திறந்தார். "அண்ணே, இன்னொரு தடவை பூட்டித் திறங்களேன், பாக்கணும்," என்றார் இவர். அவள் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

தையல் கடை மாடிச் சுவரில், துணி சுற்றிவந்த அட்டை ஒன்றை விரித்து ஆணியடித்திருந்தார்கள். மூவரும் பார்த்ததிலேயே கடினமான பூட்டுகளின் பட்டியல் அது. கப்பல் அறைப் பூட்டு, உருளைச் சாவிப் பூட்டு, தபால்காரரின் பழைய பைப் பூட்டு என்று வரிசையாக. எதிரே, திறந்தவர் பெயர். ஒருமுறை திறந்தால் கணக்கில்லை. மற்றவர்கள் பார்க்க மூன்று முறை திறக்க வேண்டும். ஒரு பூட்டின் எதிரே இருந்த தன் பெயரை அவரே ஒரு வருடம் கழித்து அடித்துவிட்டார். "ஸ்பிரிங் செத்துப்போன பூட்டு. அதைத் திறந்தது நானில்ல," என்றார்.

பட்டியலின் கடைசி வரி, ஏதோ கிடங்கின் இரும்புப் பெட்டியிலிருந்து கழற்றிய ஏழு லீவர் பூட்டு. அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்தவர் தையல்காரர். "பொண்ணைக் கட்டிக் குடுத்தப்புறமும் வாசலோட நிக்க வெச்சே பேசற ஜாதி," என்றார். உள்ளே ஏழு பித்தளைத் தகடுகள். ஒவ்வொன்றையும் அதனதன் உயரத்துக்கு, மயிரிழை பிசகாமல் தூக்க வேண்டும். அதிலும் ஒவ்வொரு தகட்டிலும் பொய்ப்பள்ளம் ஒன்று வெட்டியிருந்தது. தகடு அதில் மாட்டிக்கொண்டால் சரியாக நிற்பதுபோலவே கைக்குத் தோன்றும்.

டாக்டரும் தையல்காரரும் சீக்கிரமே கும்பிடு போட்டுவிட்டார்கள். இவர் ஒன்பது வருடம் விடவில்லை.

அதன் சாவி அவளிடம் இருந்தது. சாவியின் வெட்டைப் பார்த்துவிட்டால் திறப்பதில் அர்த்தமில்லை. அதனால் பூட்டு வந்த அன்றே சாவியை உறையில் போட்டு ஒட்டி, மடிப்பின்மேல் குறுக்காகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். "நான் கெஞ்சினாலும் தராதே." கெஞ்சவும் செய்தார், நாலாவது வருடம், காய்ச்சலில். "ஒரே ஒரு தடவை. சாவியில நாலாவது பல்லை மட்டும்." அவர் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டாளே தவிர, அவள் தரவில்லை. காய்ச்சல் விட்டதும், "நல்லவேளை, நீ குடுக்கல," என்றார்.

இப்போது மகள் தன் வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டாள். மறுநாள் வண்டி வரும். மேசையும் போக வேண்டும். மேசை அசைந்தால் குண்டு அசையும். அவருடைய கை கடைசியாகச் செய்தது அதற்குள் நின்றுகொண்டிருந்தது. அவர் ஜெயிக்கிற கட்டத்தில்தான் போனாரா என்பதைப் பூட்டு கலைவதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும். நண்பர்களுக்குச் சொல்லியனுப்பினாள்.

அவரது நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை எத்தனையோ தடவை பார்த்திருந்தாள். அன்றைய தேதி, தகட்டுக்கு ஒன்றாக ஏழு எண்கள், அவற்றில் ஆறு எண்களின்மேல் சரி அடையாளம். மூன்றின் பக்கத்தில் மட்டும் சரி அடையாளத்தை ஒட்டி ஒரு சின்னக் கேள்விக்குறி.

டாக்டர் மெல்லிய ஊசியை நுழைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒவ்வொரு தகடாகத் தொட்டுப் பார்த்தார். சரியான இடத்தில் நிற்கும் தகடு லேசாக ஆடும். பொய்ப்பள்ளத்தில் மாட்டியது ஆடாது என்று தையல்காரர் அவளுக்குத் தணிந்த குரலில் சொன்னார். ஊசி ஓரிடத்தில் நின்றது, பிறகு நகர்ந்தது.

"ஆறும் சரியாத்தான் நிக்குது அண்ணி. ஒண்ணுதான் பாக்கி. நான் அதைத் தூக்கறேன். பேரு அவருதுதான்."

தையல்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இருபத்தாறு வருடம் மெய்ப்புப் பார்த்தவள் அவள். கண் எங்கே தாவிப் போகிறது என்று தெரியும்.

"மூணாவதைச் சொல்லுங்க, டாக்டர்."

டாக்டர் ஊசியை வெளியே எடுத்து வெகுநேரம் துடைத்தார். "அது பொய்ப்பள்ளத்துல நிக்குது. கம்பியை விட்டுட்டு முதல்லேர்ந்துதான் வரணும். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். மெய்ப்பின் ஓரத்தில் அப்படிக் கேள்விக்குறி போட்டால், இங்கே சந்தேகம், விசாரித்துவிட்டு மேலே போகவும் என்று பொருள். அவளிடமிருந்துதான் அதைக் கற்றிருந்தார்.

"அவருக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள். "திரும்பி வந்து இதைக் கலைக்கணும்னுதான் இருந்திருக்காரு. ஒரு நடை போயிட்டு வந்தா மனசு வரும்னு போயிருக்காரு."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இடது உள்ளங்கையைக் குண்டுக்கு அடியில் கொடுத்து மெதுவாகத் தூக்கினாள். பூட்டுக்குள்ளே தகடுகள் அடுத்தடுத்து விழுந்தன. விரலால் சொடக்குப் போடுகிற சத்தம், அவ்வளவுதான். ஈயக் குண்டு அவள் நினைத்த அளவுக்குக் கனமில்லை.

"தங்கச்சி," என்றார் தையல்காரர். "ஒன்பது வருஷம் உழைச்சிருக்கான். அட்டையில பேரைப் போட்டுடறேனே. யாரு கேக்கப் போறா?"

"அவரு கேப்பாரு, அண்ணே."

தையல்காரர் தலையாட்டினார். பூட்டை டாக்டரிடம் கொடுத்தாள். "நீங்க பாருங்க. சாவி என்கிட்டயே இருக்கட்டும். கெஞ்சினாலும் தர மாட்டேன்."

"அது தெரிஞ்ச சங்கதிதானே, அண்ணி," என்று டாக்டர் பூட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அவர்கள் போனபின் ஜன்னலைத் திறந்துவிட்டாள். தெருச் சத்தம் உள்ளே வந்தது.

உறை இப்போது மகள் வீட்டில், அவள் மெய்ப்புக்கு வைத்திருந்த அகராதிக்குள் இருக்கிறது. மை கொஞ்சம் பழுத்துவிட்டது. மடிப்பின்மேல் குறுக்காக ஓடுகிற அவர் கையெழுத்து எங்கும் கிழியவில்லை.