ஒரு பக்கம் மட்டும் சுற்றும் வளையம்

காலை பத்தே காலுக்குக் கடிகாரக் கடையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. கொளஞ்சியப்பன் குனிந்து உள்ளே போனான். மலர்கொடி தெருவிலேயே நின்றாள்.

"வா புள்ள."

"எனக்கு எதுக்கு? நீங்க வாங்கிட்டு வாங்க."

"உங் கை இல்லாம எப்புடி வாங்கறது?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள்.

கிணற்றில் மூழ்குவது கொளஞ்சியப்பனின் தொழில். குன்னத்தைச் சுற்றி எந்தக் கிணற்றில் மோட்டார் அறுந்து விழுந்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி, மோட்டாரில் கொக்கி மாட்டிவிட்டு வருவான். அவன் மூச்சு எழுபது நொடிக்குத் தாங்கும். அடியில் இருட்டு. அங்கே ஐம்பதுக்கும் நூறுக்கும் வித்தியாசம் தெரியாது. மேலே ஒருவர் நேரம் பார்த்து இழுக்க வேண்டும். பன்னிரண்டு வருஷம் மலர்கொடி இழுத்தாள்.

போன வைகாசியில் அவள் போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது தங்கையின் அழைப்பு வந்தது. துண்டித்துவிட்டுப் பார்த்தாள். திரையில் எண்கள் இல்லை. எத்தனை ஆயிற்று என்று யோசித்தபடி நின்றாள். கீழே அவன் கால் பழைய ஒயரில் சிக்கியிருந்தது. அவள் இழுத்தபோது மூக்கிலும் காதிலும் ரத்தத்தோடு மேலே வந்தான். அதன் பிறகு அவள் கயிற்றைத் தொடவில்லை. வெங்காய மண்டிக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள்.

ஆறு மாதமாக அவள் தம்பி வீரமணி இழுக்கிறான். அவன் பயந்தவன். ஐம்பதிலேயே இழுத்துவிடுவான். கொக்கியில் கை வைக்கிற நேரத்தில் கொளஞ்சியப்பன் மேலே வந்து நிற்பான். போன வாரம் இழுக்கவே இல்லை. கொளஞ்சியப்பன் தானாகக் கயிற்றைப் பிடித்து ஏறி வந்து பார்த்தபோது, வீரமணி கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டு தோட்டக்காரரிடம் தீப்பெட்டி கேட்டுக்கொண்டிருந்தான்.

கொளஞ்சியப்பன் அதை வீட்டில் சொல்லவில்லை. நாளைக்கு ரெட்டிபாளையம் பக்கம் ஒரு கிணற்றில் வேலை இருந்தது. மலர்கொடி வர வேண்டும். அதைக் கேட்கத் தெரியாமல் அவளைப் பெரம்பலூருக்குக் கூட்டிவந்திருந்தான்.

கடைக்காரர் பிரசாத் டப்பாவைத் திறந்து கடிகாரத்தை எடுத்தார். கறுப்பு முகம். ரப்பர் பட்டை. கண்ணாடியைச் சுற்றி எண்கள் போட்ட வளையம்.

"ஆட்டோமேட்டிக். பேட்டரி கெடையாது. கை ஆடுனா அதுவே ஓடும். எரநூறு மீட்டர் ஆழத்துக்குத் தாங்கும்ங்க."

"எங்க பக்கம் அவ்வளவு தண்ணி இருந்தா வாட்ச்சா வாங்குவேன்? கப்பல் வாங்கியிருப்பேன்."

பிரசாத் சிரித்தார்.

"இதுல போன் வராதுல்ல?"

"அந்த மாடல் தனியா இருக்கு. காட்டட்டுமா?"

"வேணாம்."

மலர்கொடி சுவரில் தொங்கிய கடிகாரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரசாத் கொளஞ்சியப்பனின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எனக்கு இல்லைங்க. அவுங்க கைக்குப் பாருங்க."

"இது ஜென்ஸ் வாட்ச்ங்க. தண்ணிக்குள்ள முழுகறவங்க கட்டுறது."

"முழுகறது நான். நேரம் பாக்கறது அவுங்க."

"நான் எப்ப பாக்கறேன்னு சொன்னேன்?" என்றாள் மலர்கொடி.

பிரசாத் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கடிகாரத்தை அவளிடமே நீட்டினார். அவள் அதை ஷட்டருக்கு அடியில் விழுந்த வெயிலுக்குக் கொண்டுபோனாள். மண்டியில் அவள் வேலை வெங்காயம் பொறுக்குவது. ஒரு கூடைக்குள் அழுகல் ஒன்று இருந்தாலும் அவள் கை அங்கே போய் நிற்கும்.

"இந்த முக்கோணம் கோணையா நிக்குது."

"எதுங்க?"

"வளையத்துல இருக்கறது. பன்னெண்டுக்கு நேரா இல்ல. ஆறுல உள்ள புள்ளில பெயின்ட் பேந்திருக்கு. உள்ளார ஒரு தூசி."

பிரசாத் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தார். லென்ஸைக் கழற்றினார்.

"ஆமாங்க. கம்பெனிலேயே அப்புடி வந்திருக்கு. நான் பாக்கல. ஓட்டத்துக்கு ஒண்ணும் ஆவாது. ஆனா புதுப் பொருள். திருப்பி அனுப்பிட்டு வேற பீஸ் வரவழைக்கிறேன். இருவது நாள் ஆவும்."

"அனுப்பிடுங்க," என்றாள் உடனே.

அவள் குரலில் இருந்த நிம்மதி கொளஞ்சியப்பனுக்குக் கேட்டது. இருபது நாள். அதற்குள் மூன்று கிணறாவது வரும். அவன் கடிகாரத்தை வாங்கி வளையத்தைத் திருகினான். டிக், டிக் என்று நகர்ந்தது. மறுபக்கம் திருகினான். அசையவில்லை.

"இதுவும் கெட்டுப்போச்சா?"

"இல்லைங்க. அது ஒரு பக்கம்தான் சுத்தும். அப்புடித்தான் செஞ்சிருக்கான். முழுகறவரு வளையத்தை வச்சு நேரத்தக் கணக்குப் பண்றாரு. உள்ள எங்கயாவது இடிச்சு வளையம் நகந்துடுதுன்னு வையுங்க. ஆன நேரத்தவிடக் கூடத்தான் காட்டும். கொறச்சுக் காட்டாது. ஆளு சீக்கிரம் மேல வந்துடுவாரு."

மலர்கொடி திரும்பி வந்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

பிரசாத் இன்னொரு தடவை சொன்னார். வளையத்தைத் தள்ளிக் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள்.

"தப்பு நடந்தாலும் சீக்கிரமா இழுக்கற பக்கம்தான் நடக்கும்."

"ஆமாங்க."

"இந்தக் கோணல் எந்தப் பக்கம்?"

பிரசாத் மறுபடி லென்ஸை மாட்டினார். இம்முறை அதிக நேரம் பார்த்தார்.

"எடது பக்கம். அதே பக்கம்தான். அர நொடி கூடக் காட்டும்."

தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகும்வரை அவள் காத்திருந்தாள்.

"இத அனுப்ப வேணாம்."

"புள்ளில பெயின்ட் இல்லியேங்க. நேரானதா ஒண்ணு வரட்டுமே."

"நேரானது வேணாம்."

பட்டையின் கடைசித் துளையிலும் கடிகாரம் அவள் கையில் சுழன்றது. பிரசாத் பட்டையில் இன்னொரு துளை போட்டுத் தந்தார்.

"நானும் இருவத்தேழு வருஷமா கடை வச்சிருக்கேன். ஒரு நிமிஷத்துல மூணு கொற கண்டுபுடிச்சது நீங்கதான். கம்பெனில உங்கள வேலைக்கு வச்சுக்கணும்."

"மண்டில விடமாட்டாங்க," என்றாள் மலர்கொடி.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேப்பூர் தாண்டியதும் சொன்னாள்:

"வாட்ச்சுக்குத்தான் ஒத்துக்கிட்டேன். கயித்துக்கு இல்ல."

"சரி."

"நாளைக்கு வரேன். தள்ளி ஒக்காந்து பாக்கறேன். இழுக்கறது அவன்தான்."

"சரி புள்ள."

அதுவே அவனுக்குப் போதுமாக இருந்தது. அவன் தலையை முன்சீட்டுக் கம்பியில் சாய்த்துக்கொண்டான்.

ரெட்டிபாளையத்துக் கிணறு ஜெகதாம்பாளுடையது. வயலில் மக்காச்சோளம் பால் பிடிக்கும் பருவம். மழை நின்று பதினைந்து நாளாகியிருந்தது. தோகைகளில் பக்கத்து ஆலையின் சிமெண்டுத் தூசி படிந்திருந்தது. கிணற்றுக்குள் மோட்டார் கிடந்தது.

"ஏம்மா, ஆம்பள வாட்ச்ச கட்டியிருக்க? வூட்டுக்காரருதா?" என்றாள் ஜெகதாம்பாள்.

"என்னுதுங்க."

கடைசிப் படியில் வீரமணி கயிற்றோடு நின்றான். அவனுக்கு மூன்று படி மேலே மலர்கொடி உட்கார்ந்தாள். கொளஞ்சியப்பன் கழுத்தளவு நீரில் இருந்தான்.

"என்னக்கா, ரயில்வே ஸ்டேஷன்ல வேல கெடச்ச மாதிரி ஒக்காந்திருக்க," என்றான் வீரமணி.

"வாய மூடிட்டுக் கயித்தப் புடிடா." அவள் வளையத்தைத் திருகி, ஓடும் நொடிமுள்ளுக்குக் கொஞ்சம் முன்னால் முக்கோணத்தை வைத்தாள். "முள்ளு தொட்டதும் சொல்றேன். அப்ப போங்க."

காத்திருந்தான்.

"போங்க."

நீர் தலைக்கு மேல் மூடியது. பத்தடியில் குளிர்ந்தது. இருபதில் காது அடைத்தது. மூக்கைப் பிடித்து ஊதிக்கொண்டான். அடியில் சேறு. கையால் துழாவினான். பைப், ஒயர், பிறகு மோட்டாரின் தலை. அது ஒருக்களித்துக் கிடந்தது. கொக்கி மாட்டும் இரும்பு வளையத்தைத் தேடினான். சேற்றுக்குள் இருந்தது. தோண்டினான். இந்நேரம் வீரமணி இழுத்திருப்பான். இடுப்பை இறுக்கிக்கொண்டு அதற்காகக் காத்தான். இழுக்கவில்லை. கொக்கியை வளையத்துக்குள் நுழைத்தான். கொக்கியின் வாயைப் பூட்டும் திருகில் விரல் வைத்தான். போன வாரத்து நினைப்பு வந்தது. நெஞ்சு இறுகத் தொடங்கியது.

கயிறு அசைந்தது. குட்டையாக இரண்டு இழுப்பு. ஒரு இடைவெளி. பிறகு நீளமாக ஒன்று.

வீரமணி அப்படி இழுக்கமாட்டான். வாளியில் நீர் இறைப்பதுபோல் ஒரேயடியாக இழுப்பான். கொளஞ்சியப்பன் திருகை விட்டான். கயிற்றோடு போனான். மேலே போகப் போக நீர் பச்சையானது, பிறகு வெளுத்தது.

மேலே வந்தபோது கயிறு மலர்கொடியின் கையில் இருந்தது. கடைசிப் படியில் முழங்கால் நனைய நின்றாள். வீரமணி பின்னால் நின்று புறங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, அக்கா அடிக்குது."

"அம்பதுல இழுக்கப் போனான்," என்றாள் அவள். "எழுவது வரைக்கும் பாத்துத்தான் இழுத்தேன். கோணலோட சேத்து."

அவன் படியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். அவள் முதலில் அவன் மூக்கைப் பார்த்தாள். பிறகு ஒரு காது. தலையைத் திருப்பச் சொல்லி இன்னொரு காது. எங்கும் ரத்தம் இல்லை. கொளஞ்சியப்பன் அசையாமல் காட்டிக்கொண்டு நின்றான். ஏதாவது சொல்ல நினைத்தான். அவர்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லை.

"கொக்கி மாட்டிட்டேன்," என்றான். "திருகு பூட்டல. இன்னொரு தடவ போவணும்."

"காபி குடிச்சிட்டு எறங்கலாமே," என்று மேலேயிருந்து ஜெகதாம்பாள் சொன்னாள்.

"வந்து குடிக்கறேங்க."

வீரமணி கயிற்றுக்குக் கை நீட்டினான். மலர்கொடி கயிற்றை உள்ளங்கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டாள். அவன் கையை எடுத்துக்கொண்டு மேல்படியில் போய் உட்கார்ந்தான்.

அவள் வளையத்தைத் திருகினாள். டிக், டிக். கொளஞ்சியப்பன் நகர்ந்து கிணற்றின் நடுவுக்கு வந்தான். சிறிதாக மூன்று மூச்சு விட்டான். பிறகு நெஞ்சு நிறைய ஒன்றை இழுத்து வாயை மூடினான். இனிப் பேச முடியாது. அவள் கண் கடிகாரத்தில் இருந்தது.

"இந்தத் தடவ திருகு மட்டும்தான, எழுவது வேணாம்ல?" என்றாள். "எத்தனைல இழுக்கட்டும்?"

உன் கணக்குத்தான் என்பதுபோல் அவன் நீரிலிருந்து கையைத் தூக்கி அவள் கடிகாரத்தைக் காட்டினான்.