சுவரில் ஒட்டியிருந்த மாவு

“என்ன வேணும்னாலும் கேளு டிட்டி. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்காதே.”

“அப்படி என்ன கேட்டுடப்போறேன்? நிலாவையா?”

“நிலாவைக் கேளு, ஏணி எடுத்துட்டு வரேன். இந்த வீட்டை விட்டுப் போயிடலாம்னு மட்டும் எப்பவும் கேக்காதே.”

“சரி.”

“சும்மா சரின்னு சொல்லாதே. சத்தியமா?”

“சத்தியமா. முதல்ல அந்த ஐஸ்கிரீமைச் சாப்பிடு, கையெல்லாம் வழியுது.”

முப்பத்தோரு வருடங்களுக்கு முன்பு, எங்கள் ஊர் பொட்சுவோலியின் துறைமுகச் சுவர்மேல் உட்கார்ந்து நாங்கள் பேசியது இது. எனக்கு இருபத்து மூன்று வயது. ப்ரோகொலோ விரலில் வழிந்த ஐஸ்கிரீமை நக்கியபடி, பின்னால் மேட்டில் தெரிந்த அந்த வீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்போது அதற்குக் கூரை பாதிதான் இருந்தது.

எங்கள் ஊரின் தரை எழும்பும், பிறகு தாழும். அடியில் எரிமலை இருக்கிறது. எண்பத்து மூன்றில் தரை வேகமாக எழும்பி வீடுகள் விரிசல்விட்டபோது, எல்லோரையும் வெளியேற்றி மலைக்கு அந்தப்பக்கம் புதிதாகக் கட்டிய அடுக்குமாடிகளில் குடிவைத்தார்கள். ப்ரோகொலோவுக்கு அப்போது பதினேழு வயது. அவனுடைய அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு பஸ் மாறி வந்து, பூட்டிக்கிடந்த இந்த வீட்டின் வாசற்படிகளைப் பெருக்கிவிட்டுத் திரும்பிப் போவார். உள்ளே போக அனுமதி வருவதற்கு முன்பே அவர் இறந்துபோனார். அதன் பிறகு ப்ரோகொலோ கொத்துவேலை கற்றுக்கொண்டு, கல் கல்லாக இந்த வீட்டை நிமிர்த்தினான். கடைசி ஜன்னலைப் பொருத்திய மறு மாதம் எங்களுக்குக் கல்யாணம்.

நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன். மகள் மேனா வடக்கே தூரினோ நகரத்துக்கு வேலைக்குப் போனபோதும் கேட்கவில்லை. போன வருடம் நிலநடுக்கம் வாரத்துக்கு மூன்று நான்கு என்று ஆனபோதும் கேட்கவில்லை. “அம்மா, நீ ஒரு வார்த்தை சொன்னா அப்பா கேப்பார்” என்று மேனா போனில் அழுவாள். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

என் தைரியத்துக்கு ஒரு காரணம் இருந்தது. சமையலறைச் சுவரில், ஜன்னலுக்குப் பக்கத்தில், மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடுகிறது. அதன் குறுக்கே ப்ரோகொலோ விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிச் சில்லைப் பதித்திருந்தான். இரண்டு முனையிலும் சாந்து வைத்து, அதில் ஆணியால் தேதி கீறியிருந்தான்: 12 மார்ச் 2019. விரிசல் ஒரு மயிரிழை அகலமானாலும் கண்ணாடி உடைந்துவிடும். தினமும் அடுப்பு பற்றவைப்பதற்கு முன் அதைப் பார்ப்பேன். ஐந்து வருடமாக முழுசாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டால் அன்றைய பொழுது ஓடிவிடும்.

அந்த வியாழக்கிழமை விடிகாலையில் ஒரு நிலநடுக்கம் வந்தது. கட்டில் ஒரு முழம் நகர்ந்தது. வழக்கம்போல எழுந்தோம், விளக்கைப் போட்டோம், “நல்லா ஆட்டிடுச்சு” என்று சொல்லிக்கொண்டோம். நான் முட்டை வாங்கக் கீழே போனேன். திரும்பி வந்தபோது ப்ரோகொலோ தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தான். நான் கண்ணாடியைப் பார்த்தேன். முழுசாக இருந்தது. காபி போட்டேன்.

பதினோரு மணிக்கு வகுப்புக்கு ஆள் வந்தார்கள். ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு வீட்டிலேயே பாஸ்தா செய்யக் கற்றுக்கொடுப்பது ஆறு வருடமாக என் வேலை. அன்றைக்கு இரண்டே பேர்தான். கனடாவில் வின்னிபெக்கிலிருந்து லோர்னாவும் அவளுடைய கணவர் வெய்னும். அறுபதைத் தாண்டியவர்கள். வெய்ன் மூச்சு வாங்க வாசலில் நின்று, “கத்துக்கறதுக்கு முன்னாடியே பசி வந்துடுச்சு. சாப்பாட்டுல இருந்து ஆரம்பிக்கலாமா?” என்றார். அதை நான் ப்ரோகொலோவுக்குச் சொன்னேன். அவனுக்கு ஆங்கிலத்தில் ஒயின், குட், டுமாரோ என்று மூன்று சொற்கள்தான் தெரியும்.

“இவரை எனக்குப் பிடிச்சிருக்கு” என்று சொல்லி, ஒயின் எடுத்துவரக் கீழறைக்குப் போனான்.

பலகையில் மாவைக் குவித்தோம். எங்கள் பக்கத்தில் மாவும் தண்ணீரும் போதும். வருகிறவர்களுக்குத்தான் பாஸ்தா மஞ்சளாக இருக்க வேண்டும், அதனால் முட்டை. குவியலின் நடுவில் குழி பறித்து ஆளுக்கு இரண்டாக நான்கு முட்டைகளை உடைத்து ஊற்றினேன். ஜன்னல் வழியே காற்று திரும்பி, எரிமலைப் பக்கத்துக் கந்தக வாடையைக் கொண்டுவந்தது.

வெய்ன் குனிந்து முகர்ந்தார். “தப்பா நினைக்காதீங்க. ஒண்ணு கெட்டுப்போச்சோ?”

“காலையில வாங்கினது. அது எங்க ஊர் வாசனை.”

“ஊரையே குளிர்சாதனப் பெட்டில வச்சிருக்கலாம்.”

லோர்னா அவர் முழங்கையில் ஒரு அடி கொடுத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. முள்கரண்டியை எடுக்கும்போதுதான் கவனித்தேன். நான்கு மஞ்சள் கருக்களும் நடுங்கின. யாரும் பலகையைத் தொடவில்லை. வெள்ளைக்கருவில் சின்னச் சின்ன வளையங்கள் கிளம்பி மாவின் விளிம்பில் முட்டின. அதற்குப் பிறகுதான் அலமாரியில் தட்டுகள் கிணுகிணுத்தன.

“லாரி” என்றேன் நான். ஆறு வருடமாக அப்படித்தான் சொல்வேன். யோசிப்பதுகூட இல்லை. “தெரு வழியா துறைமுகத்துக்குப் போற லாரி.”

“பெரிய லாரிதான்” என்றார் வெய்ன்.

லோர்னா அலமாரியையே பார்த்தாள்.

மாவைப் பிசைந்தார்கள். வெய்ன் அதோடு சண்டை போட்டார், தாடியெல்லாம் வெள்ளை. லோர்னா உள்ளங்கையின் அடியால் தள்ளி, மடித்து, கால்வட்டம் திருப்பி, மறுபடி தள்ளினாள். ஒரு தடவை காட்டியதும் பிடித்துக்கொண்டாள். பிசைந்த மாவைக் கிண்ணத்தால் கவிழ்த்து மூடினோம். அரைமணி நேரம் அது ஓய்வெடுக்க வேண்டும்.

அந்த அரைமணியில் மாடத்தில் நின்று ஒயின் குடிப்பது வழக்கம். கீழே துறைமுகத்தில் படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. கடலடி எழும்பி எழும்பித் தண்ணீர் அங்கிருந்து போய்விட்டது. வெய்ன் படம் எடுத்தார். “தண்ணி எப்ப திரும்பி வரும்?” என்று கேட்டார். ப்ரோகொலோவுக்கு அதைச் சொன்னேன்.

ப்ரோகொலோ கையை விரித்து, “டுமாரோ” என்றான். இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

லோர்னா உள்ளே கண்ணாடிச் சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது என்ன என்று கேட்டாள். அதை ப்ரோகொலோவிடம் சொன்னேன்.

“சொல்லு, இதுதான் எங்க வீட்டு டாக்டர். இது உடையாதவரைக்கும் வீட்டுக்கு ஜுரம் இல்லை” என்றான். சொல்லிக்கொண்டே சுவருக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்று, அவள் கோப்பையை நிரப்பினான். நிறைந்த கோப்பையைத்தான் நிரப்பினான். ஒயின் தரையில் வழிந்தது.

மாவை விரித்தோம். நீளக் கட்டையால் உருட்டி உருட்டி, அடியில் வைத்த கையின் நிழல் தெரியும்வரைக்கும். சுருட்டி, கத்தியால் நறுக்கி, நாடா நாடாவாக உதறி, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் வைத்த கம்பில் தொங்கவிட்டோம். வெய்னின் நாடாக்களில் ஒன்று பெல்ட் அகலம், ஒன்று நூல்.

“இது குடும்பப் படம். அந்த அகலமானது நான்” என்றார்.

“அதான் முதல்ல அறுந்து விழப்போகுது” என்றாள் லோர்னா.

பானையில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியிருந்தது. நீராவி போகக்கூடாதென்று ஜன்னலைச் சாத்தியிருந்தேன். காற்றே இல்லை. கம்பில் தொங்கிய நாடாக்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. நின்றன. எதிர்ப்பக்கம் சாய்ந்தன. தரைக்கு அடியில் பெரிய கதவை யாரோ அறைந்து சாத்தியதுபோல ஒரு சத்தம். விளக்கு ஆடியது. தெருவில் ஒரு நாயும் குரைக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

“லாரி” என்றேன்.

லோர்னா கத்தியைப் பலகையில் மெதுவாக வைத்தாள். “டிட்டினா, நாங்க உங்க வீட்டுக்கு அறுபத்து நாலு படி ஏறி வந்தோம். வெய்ன் நிமிஷத்துக்கு ஒரு தடவை நின்னதால எண்ணிட்டே வந்தேன். இந்தத் தெரு முழுக்கப் படிதான். எந்த லாரி படி ஏறும்?”

இத்தனை பேரில் ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை. நானே என்னைக் கேட்டதில்லை.

“என்ன சொல்றா?” என்றான் ப்ரோகொலோ.

“உப்பு எங்கேன்னு கேக்கறா.”

லோர்னா நகர்ந்தபோது தரை மறுபடி லேசாக அசைந்தது. அவள் தடுமாறிச் சுவரைப் பிடித்தாள். கையை எடுத்துப் பார்த்து, “மன்னிக்கணும், உங்க சுவரெல்லாம் மாவாக்கிட்டேன் போலிருக்கு” என்று கைக்குட்டையை எடுத்தாள்.

அவள் துடைக்கப்போன இடத்தில், கண்ணாடிச் சில்லின் ஒரு முனைச் சாந்தில், ஒரு விரல் பதிந்த குழி இருந்தது.

நான் அவள் கையைப் பிடித்தேன். விரல் நுனியில் இருந்த வெள்ளையை என் விரலுக்கு மாற்றித் தேய்த்துப் பார்த்தேன். நாற்பது வருடமாக மாவு தொட்ட விரல் என்னுடையது. மாவு வழுக்கும், பட்டுபோல நழுவும். இது நறநறத்தது. குளிர்ந்திருந்தது. ஈரமாக இருந்தது.

தேதியைப் பார்த்தேன். 12 மார்ச் 2019. ஐந்து வருடப் பழைய சாந்து ஈரமாக இருந்தது.

ப்ரோகொலோ கொதிக்கும் பானையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் கம்பிலிருந்த நாடாக்களை மாவு தூவி ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து லோர்னாவின் கையில் கொடுத்தேன். மூன்று நிமிடம் கொதித்தால் போதும் என்றேன். வெய்ன் ஏமாற்றத்தோடு, “சாப்பிட்டுட்டுப் போகக்கூடாதா? ஒயின் பாதி இருக்கே” என்றார்.

“எழுந்திரு வெய்ன்” என்றாள் லோர்னா. வாசலில் என்னைக் கட்டிப்பிடித்தாள். “நீங்களும் வாங்களேன். கீழே வரைக்குமாவது.”

“அடுப்பு எரியுது” என்றேன்.

அவர்கள் இறங்கும் சத்தம் கேட்டது. அறுபத்து நான்கும் முடியும்வரை நின்று கேட்டேன். பிறகு சமையலறைக்கு வந்தேன்.

“இது எத்தனையாவது?”

“என்னது?”

“ப்ரோகொலோ. எத்தனையாவது சில்லு?”

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். கைகளை மாவு படிந்த பலகைமேல் வைத்தான். நகக்கண்ணில் சாந்து இருந்தது. காலையில் எவ்வளவு கழுவியும் போகவில்லை.

“ஒன்பது.”

“ஒன்பதா?”

“முதல் ரெண்டு வருஷம் ஒண்ணும் ஆகலை, டிட்டி. அது நிஜம். அப்புறம்தான். இந்த மாசம் மட்டும் மூணு. நீ முட்டை வாங்கப் போற நேரத்துல மாத்திடுவேன்.”

“தேதியையும் கீறினே. அதே தேதியை.”

“ஆமா.”

“தினமும் அதைப் பார்த்துட்டுத்தானே நான் அடுப்பே பத்தவைக்கறேன்? மேனாகிட்ட என்னன்னு சொன்னேன் தெரியுமா? அப்பா வச்ச கண்ணாடி உடையலை, பயப்படாதேன்னு. எம் பொண்ணுகிட்ட சொன்னேன்!”

“தெரியும். கேட்டுட்டுத்தான் இருந்தேன்.”

“ஏன்?”

அவன் தலையைத் தூக்கவில்லை. “உடைஞ்சதை நீ பார்த்தா கேட்டுடுவே.”

“கேட்டா முடியாதுன்னு சொல்லு. முப்பத்தோரு வருஷமா உன் வாய்ல அது ஒண்ணுதானே சுலபமா வரும்?”

“நீ கேட்டா எனக்கு முடியாதுன்னு சொல்ல வராது. அதுக்காகத்தான் அன்னைக்கே சத்தியம் வாங்கினேன்.”

அலமாரியில் ஒரு தட்டு, தானாக, மெல்ல, விளிம்பை நோக்கி நகர்ந்தது. இருவரும் அதைப் பார்த்தோம். இருவருமே போய்ப் பிடிக்கவில்லை. அது விழுந்து உடைந்தது. அதன் பின்னாலேயே, ஜன்னல் பக்கம், நகத்தைக் கடித்ததுபோல ஒரு சின்னச் சத்தம். திரும்பிப் பார்க்காமலே அது என்ன என்று எங்களுக்குத் தெரிந்தது.

நான் அடுப்பை அணைத்தேன். கொதித்துக்கொண்டிருந்த தண்ணீர் அடங்கியது. அதற்குப் பிறகும் பானைக்குள் வளையங்கள் கிளம்பிக்கொண்டேயிருந்தன. ஏப்ரனை அவிழ்த்து நாற்காலியில் போட்டேன். அவன் பக்கத்தில் போய், மாவும் சாந்தும் ஒட்டிய அந்தக் கையைப் பிடித்தேன்.

“ப்ரோகொலோ, இந்த வீட்டை விட்டு என்னைக் கூட்டிட்டுப் போ.”