அக்காவின் கல்லீரல்

எங்கள் சலவைக் கடையில் கறை எடுப்பது அக்காவின் வேலை. இஸ்திரி என்னுடையது. துணி வாங்கி, ரசீது போட்டு, வாடிக்கையாளரிடம் திட்டு வாங்குவது மாமாவின் பொறுப்பு. மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். மை, துரு, ரத்தம் என்று எது வந்தாலும் அக்கா அசரமாட்டாள். குப்பியிலிருந்து சொட்டு விட்டு, நுரைக்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். நுரைத்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். அது அடங்குவதற்குள் அவசரப்பட்டு அலசினால் கறை பாதியில் நின்றுவிடும்; அப்புறம் தலைகீழாக நின்றாலும் போகாது. அப்படி நான் ஒரு கோட்டைக் கெடுத்ததை அவள் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள் என்று எழுதப் பார்த்தேன். இன்று அவள் இல்லை.

அவளுக்குக் குடலில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள். சுத்தமாக எடுத்தாகிவிட்டது, கண்ணுக்குத் தெரியாமல் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதற்காகக் கொஞ்ச நாள் மாத்திரை என்றார்கள். காலையும் மாலையும், சாப்பிட்டபின், வீட்டிலேயே. வாய் புண்ணாகலாம், வயிறு போகலாம், அதிகமானால் போன் பண்ணுங்கள் என்றார் நர்ஸ். அதிகம் என்பதற்கு ஆளாளுக்கு ஓர் அளவு உண்டு. கையுறை இல்லாமல் அமிலத்துக்குள் கை விடுகிறவளிடம் போய்ச் சொல்கிற பேச்சா அது?

மாத்திரை தொடங்கிய சில நாளிலேயே அவள் வாய் வெந்துபோனது. உள்ளங்கை சிவந்து தோல் உரிந்தது. அதை என்னிடம் பெருமையாகக் காட்டினாள்.

"பாத்தியா? மருந்து வேலை செய்யுதுடி."

"எரியுதாக்கா?"

"எரியாம? நீ பண்ற இஸ்திரின்னு நெனச்சியா, சும்மா சூடு காட்டிட்டுப் போறதுக்கு?"

நான் சிரித்தேன். பிறகு சிரிக்கிற நிலைமை இல்லை. சாப்பாடு இறங்கவில்லை, தண்ணீர் குடித்தால் கண்ணில் நீர் வந்தது. எழுந்து வர முடியாமல் குளியலறைத் தரையிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மாமா மாத்திரை அட்டையை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"போதும்மா. இன்னிக்கு வேண்டாம். போன் பண்ணிக் கேட்டுட்டு அப்புறம் போடலாம்."

"கேட்டா நிறுத்தத்தான் சொல்வாங்க. பாதியில நிறுத்தினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் என்னத்தைக் கடை நடத்தினீங்க?"

மாமா அட்டையைச் சட்டைப்பையிலிருந்து மறுபடி வெளியே எடுத்தார். எங்கள் மூன்று பேர் பிழைப்பும் அந்த ஒரு பாடத்தில்தான் ஓடியது. முழுசாக விழுங்க முடியாததால் மாத்திரையைக் கரண்டித் தண்ணீரில் கரைக்கச் சொன்னாள். மாமா கரைத்தார். கரண்டியைப் பிடித்திருந்தது அவர். அவர் மணிக்கட்டைப் பிடித்து வாய்க்கு இழுத்தது அவள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

காய்ச்சல் வந்து, என்னை யார் என்று கேட்டபோதுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தில் வெள்ளை அணுக்களே இல்லை என்றார்கள். அதன் பிறகு அவள் கண் விழிக்கவில்லை.

அவள் போன பிறகு டாக்டர் அம்மா எங்களை அழைத்தார். வெளியூரிலிருந்து வந்திருந்த அக்கா மகளும் கூட இருந்தாள். அக்காவின் ரத்தத்தைச் சோதித்ததில் ஒன்று தெரிந்ததாம்.

"இந்த மருந்துல பெரும்பகுதியைக் கல்லீரல் உடைச்சு வெளிய தள்ளிடும். மிச்சம்தான் வேலை செய்யும். அந்தக் கணக்குல கொடுக்கிற அளவு இது. உடைக்கிறதுக்கு ஒரு என்சைம் வேணும். உங்கம்மாவுக்கு அது பிறவியிலேயே இல்ல. போட்டது அத்தனையும் உடம்புலயே நின்னுடுச்சு."

"இதை முன்னாடியே பாக்க முடியாதா?" என்றாள் மகள்.

"பாக்கலாம். ஆனா எல்லா ஆஸ்பத்திரியிலயும் பாக்கிறதில்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்தத் துணி வந்தாலும் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, துணி தாங்குகிறது என்று தெரிந்த பிறகுதான் அக்கா கறையில் கைவைப்பாள். ஒரு மேஜைவிரிப்புக்குக் கிடைத்த மரியாதை என் அக்காவுக்குக் கிடைக்கவில்லை.

மாமா மெதுவாகக் கேட்டார். "ஆரம்பத்துலயே நிறுத்தியிருந்தா?"

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "பிழைச்சிருக்கலாம்."

மகள் திரும்பினாள். "தண்ணிகூட இறங்காம கெடந்தவங்களுக்கு அதைக் கொடுத்தது யாரு?"

நான் வாயெடுப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். "நான்தான். அவ வேண்டாம்னுதான் சொன்னா. நான்தான் கட்டாயப்படுத்தினேன்."

நடைபாதைக்கு வந்ததும் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "ஏன் மாமா இப்படி ஒரு பொய்?"

"அம்மா தானாவே போய்ச் சேந்தான்னு அவ நெனைக்க வேண்டாம். என் மேல கோவம்னா அவளால தாங்க முடியும். நீயும் வாயைத் திறக்காதே."

மகள் அவரிடம் சொல்லிக்கொள்ளாமலே ஊருக்குப் போனாள்.

எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அந்த என்சைம் எனக்கு வேண்டிய மட்டும் இருக்கிறதாம். இருந்து என்ன செய்ய? ஒரே வயிற்றில் பிறந்தும் அவளுக்கு ஒரு துளி கிடைக்கவில்லையே. கறைக் குப்பிகள் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. கறைத்துணி வந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

நேற்று கடைக்குப் போன் வந்தது. மகள்தான். அவளுக்கும் சோதனை முடிவு வந்துவிட்டதாம்.

"எனக்கு அந்த என்சைம் பாதிதான் இருக்காம் சித்தி. பின்னால ஏதாவது வியாதி வந்தா சொல்லிட்டுத்தான் மருந்து வாங்கணுமாம். அந்த ஆளுகிட்டயும் சொல்லிடுங்க."

நான் போனை வைத்தேன். மாமா பக்கத்திலேயே நின்றிருந்தார். சோதனையில் என்ன வந்தது என்று அவர் கேட்கவில்லை.

"அப்பாகிட்ட சொல்லுங்கன்னாளா?" என்றார்.

"ஆமா மாமா. அப்படித்தான் சொன்னா."

அவர் என் முகத்தையே பார்த்தார். "எனக்குக் கேட்டுச்சும்மா" என்றார்.