கிளையில்லாத தூளி

ரம்பத்தின் இரைச்சல் நின்று, மடமடவென்று மரம் சாய்ந்து விழுந்தபோது, அதன் கிளையில் கட்டியிருந்த சேலைத் தூளி மட்டும் விழவில்லை. கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டிய ஒரு சரிவில் இது நடந்தது. மரத்தை அறுத்தவன் களமருதூர் ராசு. தூளியில் கிடந்தது அவனுடைய கைக்குழந்தை எழில்மதி. மறுபக்கக் கிளையில் தூளி இருந்ததை அவன் கவனிக்கவில்லை. தண்ணீருக்குப் போயிருந்த மனைவி காசியம்மாள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். முடிச்சு அவிழாமல், பழைய உயரத்திலேயே, வெறும் காற்றில் தூளி ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, கிளை இருந்த இடத்தில், கருநீலச் சீட்டிக்குருவிகள் இரண்டு உட்கார்ந்திருந்தன. குளிர்ந்த நிழலை விட்டு வெளியே வராத ஜாதி அது. மரத்தின் நிழலும் தரையில் அப்படியே கிடந்தது.

"கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது? பெத்த புள்ளய அறுக்கப் பாத்தியேய்யா!" என்று ராசுவின் முதுகில் நாலு வைத்துவிட்டு, காசியம்மாள் குழந்தையை எடுத்துக்கொண்டு வெயிலுக்கு வந்தாள். குழந்தையின் உடம்பு அனலாகி, கண் செருகியது. நிழலுக்குள் திரும்பிய உடனே குளிர்ந்தது. ராத்திரியில் கொண்டுபோய்க் காட்டியபோது, வெயில் தாங்காத உடம்பு, நிழலிலேயே வைத்திருக்க வேண்டும் என்று கள்ளக்குறிச்சி டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் குழந்தை மறுபடி அந்தத் தூளிக்கே போனது.

சரிவைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்துக் கரும்பு விவசாயி கண்ணாயிரம். மலையில் மரவள்ளி போட வந்தவர். நிழல் கிடந்த இடத்தில் மட்டும் கிழங்கு பிடிக்கவில்லை. "நெழலுக்கும் சேத்துத்தான் குத்தகைப் பணம் குடுத்திருக்கேன். அதையும் வெட்டுறா" என்றார். ராசு வெட்டிப் பார்த்தான். ரம்பம் சுற்றியது, எதுவும் சிக்கவில்லை.

கோடையில், மொட்டையான சரிவின் சூடு கீழேயிருந்து ஏறி வந்தது. குருவிகள் அதற்கு முன்னால் எழுந்து, மேலே இருந்த காட்டுக்குப் போயின. நிழல் அவற்றின் பின்னால் போனது, தூளி நிழலோடு போனது. காசியம்மாள் குடிசையைப் பிரித்துக்கொண்டு தூளியின் பின்னால் போனாள். கண்ணாயிரம் அந்தக் காட்டையும் குத்தகைக்கு எடுத்து வெட்ட வைத்தார். வருஷா வருஷம் இதுவே நடந்தது. அடிவாரத்துப் பறவைகள் நடுமலைக்கும், நடுமலைப் பறவைகள் உச்சிக்கும் ஏறின. அவற்றோடு பனிமூட்டத்தின் ஈரமும், பாசியின் வாசனையும், சில்வண்டின் சத்தமும் மூட்டை கட்டிக்கொண்டு ஏறின. எழில்மதி அந்த நிழலுக்குள்ளேயே தவழ்ந்தாள், நடந்தாள், பேசினாள். மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் ஜனங்கள் இதைக் கிழங்கு விலையைப் போலப் பேசிக்கொண்டார்கள்.

கடைசியில் முகட்டில் ஒரே ஒரு மரம் நின்றது. அதற்கு மேல் வானம்தான்.

"இதுக்கு மேல போவ எடமில்ல மொதலாளி. புள்ள செத்துப்பூடும். இந்த ஒன்ன வுட்டுடுங்க" என்று காசியம்மாள் கெஞ்சினாள்.

"இத்தினி வருசமா ஏறிக்கினே வந்தீங்க, இன்னும் கொஞ்சம் ஏற மாட்டீங்களா?" என்று சிரித்த கண்ணாயிரம், வெளியாட்களை வைத்து அதையும் சாய்த்துவிட்டு, மரவள்ளி நடவுக் குச்சி கொண்டுவரக் கீழே இறங்கினார்.

மதியத்தில் சூடு முகட்டுக்கு வந்து சேர்ந்தது. குருவிகள் பாறையை விட்டு எழுந்தன. கலைந்து போகவில்லை. மலை இன்னும் வளர்ந்திருந்தால் எந்த உயரத்தில் காடு இருந்திருக்குமோ, அந்த உயரத்தில் போய் அமர்ந்தன. அவற்றுக்குக் கீழே மற்ற பறவைகள், சின்னதும் பெரியதுமாக, படி படியாக, அதனதன் உயரத்தில் உட்கார்ந்தன. வானம் முழுக்கச் சீட்டிச் சத்தம். நிழல் தரையை விட்டுத் துணி உரிவதுபோல எழுந்தது. காலி மண்ணில் நின்ற எழில்மதி "சுடுதும்மா" என்று சுருண்டு விழுந்தாள்.

காசியம்மாள் யோசிக்கவில்லை. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பாறையின் விளிம்புக்குப் போய், ஒன்றுமில்லாத இடத்தில் காலை வைத்தாள். தாங்கியது. அடுத்த காலையும் வைத்தாள். வரப்பு ஏறுவதுபோல ஏறினாள். கீழே நின்ற ராசுவுக்கு, அவள் உள்ளங்காலில் ஒட்டியிருந்த ஈரப் பாசி தெரிந்தது. அதிலிருந்து ஒரு துளி அவன் நெற்றியில் விழுந்தது. ஐஸாகக் குளிர்ந்தது. மேலே எழில்மதி கண் விழித்துச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"காசி! மேல இன்னாடி இருக்குது?" என்று கத்தினான்.

"இன்னும் மலை இருக்குதுய்யா, நீயும் வா. மொதலாளிகிட்ட மட்டும் சொல்லிடாத, இதையும் குத்தகைக்கு எடுத்துடுவாரு."